எட்டாம் சிலிண்டர் ஹெட்டர் பைப் ஸ்டீரிங் ஷாஃப்டுல உரசுது, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஞாயிறு_மெக்கானிக்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

வண்டி நிஸ்ஸான் எஸ்14, வலதுபக்க ஸ்டீரிங். உள்ளே இருந்த நாலு சிலிண்டரை இறக்கிட்டு எல்எஸ்1 வி8 எஞ்சினும் டி56 ஆறு கியர் பெட்டியும் ஏத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோட (சிலிண்டர்கள்லேருந்து வர்ற புகையைச் சேத்து சைலன்சர் லைனுக்கு அனுப்புறது) ஓடிட்டிருந்தது, ஒரு குறையும் இல்ல. ஆசை யாரை விட்டுச்சு? 304 ஸ்டெயின்லெஸ்ல 1¾ இன்ச் லாங் டியூப் ஹெட்டர், அதாவது மேனிஃபோல்டுக்குப் பதிலா சிலிண்டருக்கு ஒண்ணா நீளமான பைப், வாங்கிப் போட்டேன். விக்கிறவங்க "எஸ்14ல எல்எஸ் ஏத்தினா பொருந்தும்"னு போட்டிருந்தாங்க. எந்தப் பக்க ஸ்டீரிங்குன்னு போடல, நானும் கேக்கல. வலது பக்க ஹெட்டரைக் கீழேருந்து நுழைக்கும்போதுதான் உறைச்சுது: இதை வரைஞ்ச ஆள் இடதுபக்க ஸ்டீரிங் வண்டியை வச்சு வரைஞ்சிருக்கார். எல்எஸ் எஞ்சின்ல ஸ்டார்ட்டர் வலது பக்கம். என் வண்டியில ஸ்டீரிங் ஷாஃப்டும் வலது பக்கம். 6, 8 ரெண்டு பைப்பும் அந்த ரெண்டுக்கும் நடுவுல திருவிழாக் கூட்டத்துல மாட்டின மாதிரி நெளிஞ்சு இறங்குது.

எப்படியோ மாட்டிட்டேன். ஆறின எஞ்சின்ல 8ஆம் பைப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல 6 எம்எம் டிரில் பிட்டு தாராளமாப் போய் வந்துச்சு. போதும்னு நினைச்சுட்டேன்.

இப்போ நடக்கிறது: முதல் இருபது நிமிஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் நின்ன இடத்துலேருந்து முதல் கியர்ல கொஞ்சம் அழுத்தி எடுத்தா "டக்"னு இரும்புல இரும்பு இடிக்கிற சத்தம், கூடவே ஸ்டீரிங்ல ஒரு நடுக்கம், வண்டு உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி. மூணாவது கியர்லயெல்லாம் வராது. ரிவர்ஸ்லயும் வராது, அதுதான் எனக்குப் புரியல. இது போக 8ஆம் ஸ்பார்க் பிளக் தொப்பி பழுப்பேறிடுச்சு. சூட்டோட அணைச்சு உடனே சாவி போட்டா ஸ்டார்ட்டர் முனகுது, இருபது நிமிஷம் ஆறவிட்டா சுத்துது.

என்கிட்ட வைஸ் இருக்கு, சாதாரண டூல்ஸ் இருக்கு, வெல்டிங் இல்ல. மனசுல ஓடுற யோசனைகள்: பைப்பைச் சுத்தியலால ஒரு தட்டு தட்டுறது, ஷாஃப்டை லேசாக் கிரைண்ட் பண்றது, எஞ்சினைத் தாங்குற மவுண்ட்டுக்கு அடியில வாஷர் போட்டு எஞ்சினைத் தூக்குறது, இல்ல, ஹெட்டரைக் கழட்டி வித்துட்டு பழைய மேனிஃபோல்டுக்கே போயிடறது. திட்டணும்னா திட்டிட்டு வழியும் சொல்லுங்க.


ஸ்பேனர்பெட்டி:

வண்டியை எடுக்காதீங்க. ஷாஃப்டைக் கிரைண்ட் பண்ற யோசனையை இந்த நிமிஷமே மறந்துடுங்க. பைப் ஓட்டையானா சத்தம்தான் வரும். ஷாஃப்ட் முறிஞ்சா வளைவுல வண்டி நேராப் போகும்.

ரெண்டு கேள்வி. மவுண்ட் ரப்பரா, பாலியூரித்தேனா? உரசின தடம் ஷாஃப்டுல எந்தப் பக்கம்?


ஞாயிறு_மெக்கானிக்:

ரப்பர்தான், எஞ்சினோட வந்த பழசு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெடிப்பு ஒண்ணும் தெரியல. தடம் கீழ் ஜாயின்ட்டுக்கு மூணு சென்டிமீட்டர் மேலே, கட்டைவிரல் நகம் அளவு பளபளன்னு இருக்கு. ஷாஃப்டோட மேல்பக்கம், கொஞ்சம் எஞ்சினைப் பாத்த மாதிரி.


பழைய_பட்டறை:

தம்பி, ரிவர்ஸில் சத்தம் வரவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. அதை விடாமல் எழுதியதற்கு நன்றி. பலர் "சத்தம் வருது, என்ன பண்ண?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றாகப் போல்ட் அடித்த ஒரே உடம்பு. பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை எவ்வளவு முறுக்குகிறதோ, அதே அளவு எதிர்த்திசையில் அந்த உடம்பும் மவுண்ட்டின் மேல் முறுக்கிக்கொள்ளும். எஞ்சின் தரும் முறுக்கு மட்டும் இல்லை, கியரால் பெருகிய முறுக்கு. எல்எஸ்1 சுமார் 450 நியூட்டன் மீட்டர். டி56இல் முதல் கியர் 2.66 என்றால், மவுண்ட்டின் மேல் வருவது 1,200க்குப் பக்கம். மூன்றாவது கியரில் அதில் பாதிகூட வராது. அதனால்தான் அங்கே சத்தம் இல்லை. முன்னால் போகும்போது உங்கள் எஞ்சினின் இடது பக்கம் எழும்பும், வலது பக்கம் அமுங்கும். ஷாஃப்டின் மேல்பக்கத்தில் தடம் இருப்பதும் அதையே சொல்கிறது: 8ஆம் பைப் மேலிருந்து இறங்கி ஷாஃப்டின் தலையில் உட்காருகிறது. ரிவர்ஸில் புரொப்பல்லர் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் எல்லாம் தலைகீழ், வலது பக்கம் எழும்பிவிடும். உரச வழியில்லை.

இருபது நிமிடக் கதை வேறு. 304 ஸ்டெயின்லெஸ் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.017 மில்லிமீட்டர் நீளும். உங்கள் பைப் 600 மில்லிமீட்டர், சூடு 600 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள்: 6 மில்லிமீட்டர். சாதா இரும்பு என்றால் 4 சொச்சம். இந்த ஆறு எங்கே போகும்? பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டருக்குப் பின்னால் சைலன்சர் லைன் ரப்பர் ஹேங்கரில் தொங்கி, நடுவில் நெளியும் பெல்லோஸ் இருந்தால் பின்னால் போகும். அதை விறைப்பாகப் பிடித்துக் கட்டியிருந்தால் பின்னால் போக முடியாமல் பைப் பக்கவாட்டில் வில்லாக வளையும். உங்கள் 6 எம்எம் பிட்டு அளந்தது ஆறிப்போய்த் தூங்கும் வண்டியை. ஓடுகிற வண்டிக்கு அந்த அளவு செல்லாது.

இப்போது மவுண்ட். "டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெடிப்பு இல்ல" என்கிறீர்கள். எந்த மவுண்ட்? சத்தம் வலது பக்கம் என்பதால் வலதைத்தான் பார்த்திருப்பீர்கள். இடதைப் பாருங்கள். முன்னால் போகும்போது இழுபடுவது அதுதான், முதலில் கிழிவதும் அதுதான். நின்ற வண்டியில் எஞ்சின் எடையே கிழிசலை மூடி வைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆயில் பேனுக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து, இடது ஓரமாக ஜாக்கியால் கொஞ்சமாகத் தூக்குங்கள். ரப்பர் தகட்டைவிட்டு வாய் பிளந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

மவுண்ட் நல்லதோ புதியதோ, அடுத்த வேலை எஞ்சினை ஓட்டாமலே ஆட்டிப் பார்ப்பது. ஷாஃப்டின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டுங்கள். நீளமான கடப்பாரையை மரக்கட்டை முட்டுக் கொடுத்து எஞ்சினை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நெம்புங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியதோ, மிச்சம் எவ்வளவோ, வெட்டி அளந்துவிடலாம். ஸ்டீரிங்கையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்க்கவும். ஷாஃப்ட் உருண்டை, ஆனால் ஜாயின்ட்டின் காது உருண்டை இல்லை. ஒரு கோணத்தில் தப்பும், இன்னொரு கோணத்தில் இடிக்கும். என் கணக்கில் ஸ்டீரிங் ஷாஃப்டுக்கு ஆறின நிலையில் 12 எம்எம்மாவது வேண்டும். ரப்பர் மவுண்ட் என்றால் இன்னும் கூடக் கேட்பேன்.

அதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால், வாங்கும் வழி இது. மவுண்ட் போல்ட்டுகளையும் கியர் பெட்டி மவுண்ட்டையும் தளர்த்தி, எஞ்சினை இடது பக்கம் தள்ளுங்கள். போல்ட் ஓட்டைகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா கிடக்கும். இடது பக்கம் ஷாஃப்ட் இல்லாததால் உங்களுக்குக் கவலையும் இல்லை. வாஷர் போட்டுத் தூக்கும் யோசனை எனக்குப் பிடிக்காது. 5 எம்எம் தூக்கினால் கியர் பெட்டியின் கோணம் மாறும், புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரத் தொடங்கும், அப்புறம் அதற்கு ஒரு மருந்து தேட வேண்டும்.

கடைசியில்தான் பைப்பைப் பள்ளமாக்குவது. பயப்பட வேண்டாம், தவறு இல்லை. 1¾ இன்ச் பைப், சுவர் 1.65 எம்எம் என்றால் உள்விட்டம் 41. ஒரே இடத்தில் 6 எம்எம் தட்டையாக அமுக்கினால் அந்த இடத்தில் பரப்பு 9 சதவீதம் குறையும். 1⅝ இன்ச் பைப் வாங்கியிருந்தால் முழு நீளத்துக்கும் 15 சதவீதம் குறைந்திருக்கும், அதை ஓட்டுகிறவர்கள் யாரும் அழுதுகொண்டு ஓட்டவில்லை. ஆனால் சுத்தியலால் "ஒரு தட்டு" என்றீர்களே, அது வேண்டாம். நானே செய்து கெட்டவன். ஒருமுறை அவசரத்தில் ஹெட்டரை வண்டியிலேயே வைத்து, ஆறிய பைப்பை உருண்டைத் தலைச் சுத்தியலால் நாலு போடு போட்டேன். 304ஐத் தட்டத் தட்ட இறுகும். அதுவும் ஃபிளாஞ்ச் (ஹெட்டரை எஞ்சினோடு போல்ட் அடிக்கும் தகடு) வெல்டிங்குக்கு ஒரு விரல் தள்ளித்தான் அடித்தேன். இரண்டு மாதம் கழித்து எஞ்சினில் "டிக் டிக் டிக்". வால்வை இயக்கும் லிஃப்டர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு வால்வ் கவரையும் கழற்றி, ராக்கரையெல்லாம் அவிழ்த்து, இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். கடைசியில் பார்த்தால் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி அளவு வெடிப்பு, அதன் வழியாகப் புகை துடிக்கிறது. ஆறின எஞ்சினில் சத்தம் அதிகம், சூடேறினால் வெடிப்பு மூடிக் குறையும். லிஃப்டருக்கும் அப்படியே நடக்கும் என்பதுதான் கொடுமை.

சரியான முறை: ஹெட்டரைக் கழற்றுங்கள். 8ஆம் துளையை மரக்கட்டையால் அடைத்து, ஃபிளாஞ்சைக் கீழே வைத்து, கலெக்டர் வழியாக அந்தப் பைப்பில் மட்டும் மணல் நிரப்புங்கள். மணல் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி மணலை முகத்தில் அடிக்கும். மேல் வாயைத் திறந்தே விடுங்கள். இடத்தை ஆக்சி-அசிட்டிலின் டார்ச்சால் மங்கலாகச் சிவந்து ஒளிரும்வரை சூடாக்கி, ஷாஃப்ட் போகும் அதே திசையில் ஒரு உருட்டுக் கம்பியை வைத்து, மறுபக்கம் குடைந்த மரக்கட்டையில் உட்காரவைத்து, வைஸால் மெதுவாக அமுக்குங்கள். பள்ளம் நீளமாக, ஆழம் குறைவாக, ஓரம் மழுங்கலாக இருக்கட்டும். வெல்டிங்குக்கு அருகில் போகாதீர்கள். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறட்டும்.


ரெவ்கவுண்டர்:

நல்ல ஹெட்டரை நெளிக்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஷாஃப்டை மாத்துங்க. ஒல்லியான டபுள்-டி ஷாஃப்ட் (ரெண்டு பக்கம் தட்டையானது), சின்ன யு-ஜாயின்ட் (கோணத்துல மடங்குற இணைப்பு) போட்டா ஒரே நாள்ல பத்து எம்எம் கிடைக்கும், பைப்பைத் தொடவே வேணாம். பாலியூரித்தேன் மவுண்ட் போட்டா எஞ்சினும் ஆடாது.


பழைய_பட்டறை:

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் தம்பி முதல்முறை கை வைக்கிறவர், அதனால் சொல்லி வைக்கிறேன். மோதலில் உள்ளே மடங்குகிற பகுதி ஸ்டீரிங் ஷாஃப்டில் இருக்கும். அதை எடுத்துவிட்டு வெறும் கட்டை ராடு போட்டால் மோதும்போது அது ஈட்டி. ஒரு யு-ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. இரண்டு ஜாயின்ட் போட்டால் நடுத்துண்டின் இரண்டு முனைக் காதுகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீரிங் ஒரு சுற்றில் ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் போகும். மூன்றாவது ஜாயின்ட் வந்தால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம். இத்தனையும் சரியாகச் செய்தால் அருமையான வேலை. மூன்று மில்லிமீட்டருக்காக ஸ்டீரிங்கைப் பிரிக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பாலியூரித்தேன் ஆட்டத்தைக் குறைக்கும், உண்மை. அதிர்வு மொத்தமும் சீட்டுக்கு வரும், அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?


ரெவ்கவுண்டர்:

எனக்கு அந்த அதிர்வு பிடிக்கும் 🙂 ஈட்டி விஷயம் ஒத்துக்கறேன்.


அனல்_தடுப்பு:

உரசல் விஷயம் பெரியவங்க பாத்துப்பாங்க. நான் சூட்டைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா ஸ்டார்ட்டர் முனகல் தனி நோய்.

செம்புக்கம்பியோட மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். ஸ்டார்ட்டர் நூறு டிகிரி கூடச் சூடேறினா தடை கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடிடும். பேட்டரி அதே பேட்டரி, கரன்ட் போகாது, முனகத்தான் செய்யும். இதைக் கேட்டதும் எல்லாரும் ஹெட்டர் மேல அனல் தடுக்கிற பட்டை சுத்தச் சொல்வாங்க. அவசரப்படாதீங்க ஞாயிறு. பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திச் சுத்தினா மூணு எம்எம் தடிப்பு வரும். இடத்துக்குத்தானே இவ்வளவு பாடுபடறீங்க, அதைப் பட்டைக்குக் குடுப்பீங்களா? ஈரத்தையும் அது பிடிச்சு வச்சுக்கும். மெல்லிசான பளபளப்புத் தகட்டை ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி, பைப்பையும் தொடாம ஸ்டார்ட்டரையும் தொடாம நிறுத்துங்க. தகடு மேல பட்ட அனல் அங்கேயே திரும்பிடும். ஸ்டார்ட்டருக்கே ஒட்டுனா தகடு சூட்டை அதுக்குள்ளயே கொட்டும்.

அங்க கை விடறதுக்கு முன்னாடி பேட்டரியோட மைனஸைக் கழட்டுங்க. ஸ்டார்ட்டருக்கு வர்ற தடி ஒயர்ல பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. அது ஹெட்டர்ல சாஞ்சு உறை உருகினா நெருப்புதான். அதைத் தனியாக் கிளிப் போட்டு விலக்கிக் கட்டுங்க.

கிளட்ச் லைன் எந்த வழியாப் போகுதுன்னும் பாருங்க. அதுக்குள்ள இருக்கிற டாட் 4 திரவம் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி. ஈரம் குடிச்ச பிறகு அது 155தான். பைப்புக்கு ரெண்டு விரல் தள்ளி லைன் போனா நெரிசல்ல பெடல் தரையோட ஒட்டிக்கும், எங்க கசியுதுன்னு தேடிட்டே இருப்பீங்க, ஒண்ணும் கசியாது.

இன்னொண்ணு, டார்ச் அடிக்கப் போறீங்கன்னா: பைப்பைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் எடுக்காதீங்க. அது மிச்சம் இருக்கும்போது சூடேத்தினா ஃபாஸ்ஜீன்னு ஒரு விஷவாயு வரும். வெறும் சோப்புத் தண்ணி போதும், காய வச்சுட்டு ஆரம்பிங்க.


ஞாயிறு_மெக்கானிக்:

மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. நடந்ததைச் சொல்றேன்.

அண்ணே, இடது மவுண்ட்! ஜாக்கியை ரெண்டு தடவைதான் அமுக்கினேன், ரப்பர் தகட்டைவிட்டு சுண்டுவிரல் போற அளவு வாயைத் தொறந்துச்சு. எத்தனை மாசமா அப்படி ஓடுச்சோ. பழைய மேனிஃபோல்டு ஷாஃப்டை விட்டு ரொம்ப தள்ளி இருந்ததால தெரியவே இல்ல. ஹெட்டர்மேல பழி போட்டுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு பக்கமும் புது ரப்பர் மவுண்ட். நிக்கிற வண்டியில இடம் 6லேருந்து 7 ஆச்சு, அவ்வளவுதான். ஆனா களிமண் வச்சு நெம்பினப்போ வித்தியாசம் தெரிஞ்சுது: பழைய மவுண்ட்ல உருண்டை அப்பளமாயிடும், புதுசுல பாதிதான் நசுங்குச்சு. எஞ்சினைத் தள்ளினதுல 3. அங்கயே நிறுத்தலாமான்னு யோசிச்சேன், 10 எம்எம் இருக்கேன்னு. அண்ணன் கேட்டது 12. சரின்னு ஹெட்டரை இறக்கிட்டேன். ஆக்சி-அசிட்டிலின் என்கிட்ட இல்ல, நண்பன் ஒருத்தன் கொண்டுவந்தான். மணலை இரும்புச் சட்டியில வறுத்தே எடுத்தேன். வைஸைத் திருகும்போது பைப் வெண்ணெய் மாதிரி இறங்குறதைப் பாத்தப்போ கை நடுங்கிடுச்சு, 5 எம்எம்லயே நிறுத்திட்டேன். மணலை வெளிய கொட்ட அமுக்கினதைவிட அதிக நேரம் ஆச்சு.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதல்ல கையால ரெண்டு சுத்து ஏத்திட்டு, நடுவுலேருந்து வெளிப்பக்கமா 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். சைலன்சர் லைன் நீங்க சொன்ன மாதிரியே விறைப்பாத்தான் இருந்தது. கலெக்டருக்குப் பின்னால ஒரு பெல்லோஸ் வெல்டிங் பண்ணி வாங்கிட்டு வந்தேன்.

இப்போ ஆறின நிலையில 15. அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து அணைச்ச கையோட தடிமனான கையுறை போட்டுக்கிட்டுப் படுத்துப் பாத்தேன்: 9 எம்எம் பிட்டு போகுது, 10 போகல. 6 எம்எம்லயே விட்டிருந்தா கணக்கு எங்க போய் நின்னிருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. முதல் கியர்ல மிதிச்சுப் பாத்தேன், டக் இல்ல, வண்டும் இல்ல. ஷாஃப்டைக் கழட்டி உரசின இடத்தை நகத்தால தடவினேன், பெயின்ட்தான் போயிருக்கு, பள்ளம் இல்ல. மனசு கேக்கல, ஷாஃப்டையும் மாத்திட்டேன், அதே அளவு, கம்பெனி ஷாஃப்டேதான்.

ஸ்டார்ட்டருக்குத் தகடு நிறுத்தினேன். சூட்டோட சுத்துது, ஆறினப்போ இருக்கிற வேகம் இல்ல, ஆனா சுத்துது. அனல்_தடுப்பு, நீங்க சொன்ன அந்தத் தடி ஒயரைப் பாத்தேன், உறையில ஒரு இடம் மினுமினுன்னு உருக ஆரம்பிச்சிருந்தது. அதுக்குத் தனியா நன்றி.

மிச்சம் ஒண்ணுதான். பழுப்பேறின தொப்பியை மாத்தலாம்னு போனா 8ஆம் பிளக்குக்கு சாக்கெட்டே நுழைய மாட்டேங்குது. பைப் குறுக்க நிக்குது. பிளக் மாத்த ஒவ்வொரு தடவையும் ஹெட்டரைக் கழட்டணுமா?


ஸ்பேனர்பெட்டி:

வேணாம். பழைய பிளக் சாக்கெட் ஒண்ணை எடுத்து, பிளக்கோட வெள்ளைப் பீங்கான் முழுசா உள்ள போற நீளம் மட்டும் விட்டு அறுத்துடுங்க. வெளிப்பக்கம் அறுகோணம் இருக்கிற சாக்கெட்டாப் பாத்து எடுங்க, ராட்செட் நுழையாத இடத்துல வளையம் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பலாம். மேலேருந்து முயற்சி பண்ணாதீங்க, கீழே படுத்து ஸ்டார்ட்டர் பக்கமாக் கையை விடுங்க. ஏத்தும்போது பிளக் முனையில ரப்பர் ஹோஸ் துண்டு ஒண்ணை மாட்டி விரலால திருகி ஏத்துங்க. அலுமினிய ஹெட், மரை கோணலாப் பிடிச்சா ஹோஸ் வழுக்கி நின்னுடும், மரை கெடாது.


ஞாயிறு_மெக்கானிக்:

ஹோஸ் துண்டு! முன்கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற வாஷர் ஹோஸ் சரியா வருது, இப்போதான் வெட்டிப் பாத்தேன். சாக்கெட்டை அறுக்கப் போறேன்.